இரண்டாவது கியர்

இயோலே கறுப்புக் கையுறையைக் கழற்றிவிட்டு, காரின் பின்பக்கம் போய்க் குனிந்து, இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். நவம்பர் மாதத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது.

"நான் ஏற்கெனவே தொட்டுப் பாத்துட்டேன். ஜில்லுனுதான் இருக்கு," என்றான் அவள் கொழுந்தன் வைனர், காரின் மூக்குப் பக்கம் நின்றுகொண்டு.

"அங்க ஸ்டெப்னிதான்டா இருக்கு. அது எப்பவும் ஜில்லுனுதான் இருக்கும்."

பழைய கார்க் கூடம் வைத்திருக்கும் குவால்தியேரோ சிரிப்பை அடக்கிக்கொண்டான். இழவு வீட்டிலிருந்து நேராக வந்த ஒரு பொம்பளை, சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று எண்ணியிருந்தான். அந்த எண்ணம் இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டது. வாங்குபவர் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைப்பவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். பெராரிக் கார்களின் ஊரான மரனெல்லோவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். வைனர் மட்டும் விதிவிலக்கு.

அவள் புருஷன் எர்மெஸ் செவ்வாய்க்கிழமை காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது செத்துப்போனான். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. பெட்டிக்காரர்கள் வருவதற்குள் மீதிக் கன்னத்தை இயோலேதான் மழித்துவிட்டாள். வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு இந்தக் காரைப் பார்க்க வருவதாகக் குவால்தியேரோவிடம் சொல்லியிருந்தவன் அவன். அதே வியாழக்கிழமை பத்தரைக்கு மாதா கோவிலில் அவனுக்குப் பூசை. மத்தியானம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருவன் இதே காரை எடுத்துப் போக வருகிறானாம். அதாவது, இப்போது விட்டால் போச்சு.

மகள் மொரேனா முந்தின நாளே குதியோ குதி என்று குதித்தாள்.

"அப்பா பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. நீ கார் வாங்கப் போறியா? ஊரே காறித் துப்பும்மா!"

"துப்பட்டும். கார் மேல படாம துப்பச் சொல்லு."

"உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கு."

"அவர் கார் அவர் பின்னாடி வரணும். அவ்வளவுதான்."

எர்மெஸ் ஓட்டுத் தொழிற்சாலையில் சூளை பார்த்தவன். இந்தக் கார்கள் பிறக்கும் ஊரிலேயே பிறந்து, அவற்றின் சத்தத்திலேயே தூங்கி எழுந்து, ஒன்றில்கூட உட்காராமல் வயதானவன். இயோலே ரொட்டிக்கடையை விற்ற வருஷம்தான், ஒன்று வாங்கலாம், சரி என்றாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் பழைய கார் பார்க்கப் போனார்கள். ஒன்றில் பெயின்ட் புதிது என்பான். ஒன்றில் இருக்கைத் தையல் மாறியிருக்கிறது என்பான். ஒன்று சும்மா பிடிக்கவில்லை. போகிற வழியில் நல்ல சாப்பாடு, வருகிற வழியில் நல்ல சண்டை. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இந்தப் பெராரி 308-ன் படத்தைப் பார்த்தபோதுதான் முதல் முறையாக எர்மெஸ் குறை எதுவும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள் இயோலே.

"நீங்களே பண்ணுங்க, சிஞோரா."

கோட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் இரண்டு இருமல், ஒரு செருமல், பிறகு கூடம் முழுக்க நிறைந்த குரல். வைனர் தொப்பியைக் கழற்றிவிட்டான். அண்ணன் செத்த செய்தி கேட்டபோதுகூட அவன் அதைக் கழற்றவில்லை.

குவால்தியேரோ பக்கத்தில் ஏறிக்கொண்டான். இந்தக் கார்களுக்கு ஒரு குணம் உண்டு. கியர்பெட்டியின் எண்ணெய் சூடாகும்வரை இரண்டாவது கியர் விழாது. தெரியாதவர்கள் பலவந்தமாகத் தள்ளுவார்கள், பெட்டிக்குள் பற்கள் நறநறக்கும். அந்த நறநறப்பைக் கேட்டால் எந்த ஆள் எவ்வளவு ஏமாறுவான் என்று குவால்தியேரோ போன்றவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

இயோலே முதல் கியரில் தெருவுக்கு வந்தாள். கொஞ்சம் வேகம் பிடித்தாள். இரண்டாவதைத் திரும்பியும் பார்க்காமல் நேராக மூன்றாவதில் போட்டாள். கார் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றான் குவால்தியேரோ. குரல் இறங்கியிருந்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து சாப்பாட்டு மேசையில வேற என்ன பேச்சு நடந்துச்சுனு நினைக்கிறீங்க?"

கூடத்துக்குத் திரும்பினார்கள். பதிவுக் காகிதங்களை ஏஜென்சிப் பெண் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். எர்மெஸ் என்றிருந்த இடத்தில் இயோலே என்று மாற்றி அடிக்க வேண்டியிருந்தது. அடித்து முடிக்கும்வரை இயோலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பூசை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது கோவில் வாசலில் ஊரே நின்றது. பிண வண்டிக்குப் பின்னால் சிவப்பாக நின்றது 308. காறித் துப்ப யாருக்கும் நேரமில்லை. வேறு பிரச்சினை வந்துவிட்டது.

"கல்லறை வரைக்கும் நடை வேகத்துலயா ஓட்டப் போற?" என்றார் ஒருவர். "கிளட்ச் கருகிப்போகும், இயோலே."

"முதல் கியர்லயே போனா?" என்றார் இன்னொருவர்.

"முதல் கியர்ல துள்ளும், அதை அடக்க அரை கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சே கருகும். ரெண்டாவதுல போகணும்."

"ரெண்டாவது எங்க விழும்? இந்தக் குளிர்ல ஒரு மணி நேரமா நிக்குது."

"சும்மா நியூட்ரல்ல போட்டு நாம தள்ளுவோம்."

"பெராரியைத் தள்ளறதா? செத்தவன் எழுந்து வந்து அறைவான்!"

அழுதுகொண்டிருந்த எர்மெஸின் அத்தை மகள்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவதில் அரை கிளட்ச் பிடித்தால் என்ன என்று கேட்டாள். எல்லோரும் அவளை முறைத்தார்கள். சாமியார் தோன் செல்சோ புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஊர்வலம்னா நடந்துதான் போகணும். அதுதான் முறை," என்றார். காரை ஒரு தரம் பார்த்தார். "ஆனா, கிளட்ச்..."

கடைசியில் பிண வண்டி ஓட்டும் ஒரெஸ்தே இறங்கி வந்தான். வாழ்நாள் முழுக்க மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டியே நொந்துபோனவன்.

"இயோலே, ரெண்டாவது விழணும்னா நான் எவ்வளவு வேகம் போகணும்?"

"வெளிவட்டச் சாலையைச் சுத்திப் போ. நான் விளக்கு அடிக்கிற வரைக்கும் மிதி."

"எர்மெஸ் ஒண்ணும் சொல்ல மாட்டானே?"

"மெதுவாப் போனாத்தான் சொல்லுவார்."

தோன் செல்சோ அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வைனரின் சின்ன பாண்டா காரில் ஏறினார். கூட்டம் கலைந்து அவரவர் காரை நோக்கி ஓடியது. மொரேனா மட்டும் படியிலேயே நின்றாள். பிறகு வந்து காரின் கதவைத் தடவினாள். கைப்பிடி கண்ணில் படவில்லை.

"இதை எப்படித் திறக்கறது?"

இயோலே உள்ளிருந்து திறந்துவிட்டாள். மகள் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளிவட்டச் சாலையில் ஒரெஸ்தே மிதித்த மிதியில் மலர்வளையத்தின் ரிப்பன் பிய்ந்து பறந்து எதிர்வந்த டிராக்டரில் போய்ச் சிக்கியது. பின்னால் முப்பது, நாற்பது கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு விரட்டி வந்தன. இப்படி ஒரு சாவை மரனெல்லோ பார்த்ததில்லை. பெரிய வளைவுக்கு முன்னால் இயோலே வேகத்தைக் குறைத்து, இரண்டு விரலால் கியரை இழுத்தாள். சூடான ரொட்டியில் கத்தி இறங்குவது போல இரண்டாவது விழுந்தது. இன்ஜின் தலைக்குப் பின்னால் கத்தியது.

"விழுந்துடுச்சு! மொரேனா, விழுந்துடுச்சுடி!"

மொரேனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இயோலேயும் அழுதாள். துக்கமும் பெருமையும் சேர்ந்து வந்ததில் எது எதுவென்று தெரியவில்லை. பெருமைதான் அதிகம் என்று பின்னால் அவளே சொன்னாள். அவள் விளக்கடித்தாள். ஒரெஸ்தே வேகத்தைக் குறைத்தான். மீதி வழியெல்லாம் இரண்டாவது கியரில், முணுமுணுப்பே இல்லாமல், கார் எர்மெஸின் பின்னால் போயிற்று.

கல்லறைச் சுவரின் பொந்துக்குள் பெட்டியைத் தள்ளி, கொத்தனார் செங்கல் வைத்துப் பூசி முடித்தார். இயோலே கடைசிக் கல்லின் மேல் கையை வைத்துவிட்டு எடுத்தாள். வெளியே வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா, சாப்பாட்டுக்கு எல்லாரும் காத்திருப்பாங்க."

"சாப்பிடட்டும். தோர்த்தெல்லினி நிறையச் செஞ்சு வச்சிருக்கேன்."

ஓட்டுத் தொழிற்சாலைச் சாலையில் போனார்கள். சூளையில் வேலை செய்பவர்கள் இடைவேளையில் இந்த வாசலில்தான் நிற்பார்கள். இப்படி ஏதாவது ஒரு கார் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது மறையும்வரை எர்மெஸ் இங்கே நின்றிருக்கிறான். எத்தனையோ வருஷம்.

வாசலில் இன்று ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். தூசி படிந்த நீலச் சட்டை, கையில் காப்பிக் குவளை. யாரென்று தெரியவில்லை. சத்தம் கேட்டதும் குவளையை இறக்கினார்.

இயோலே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கார் மெல்ல, மிக மெல்ல, அவர் முன்னால் கடந்துபோயிற்று.