ஏற்றி இறக்கும் வரை

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெர்னா படகின் பின்பக்க ஏணியில் ஏறிக்கொண்டிருந்தபோது மர்லிஸின் கோல்ஃப் வண்டி வாசலில் வந்து நின்றது. நிற்கட்டும் என்று அவள் திரும்பிப் பார்க்காமலே ஏறினாள். எழுபது வயதுக்காரி இரவு உடையும் ரப்பர் செருப்புமாகக் காலைத் தூக்கிப் படகுக்குள் போடுவது அப்படியொன்றும் அழகான காட்சியில்லை. குடியிருப்புச் சங்கத் தலைவி பார்க்க வந்தால் நன்றாகப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"என்ன பண்றீங்க, வெர்னா?"

"சாமான் ஏத்திட்டிருக்கேன்."

"நேத்தும் இதே ஜாக்கெட்டைத்தான் ஏத்துனீங்க."

"நேத்து ஏத்துனது சரியா வரல."

மர்லிஸ் மடியிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டாள். வெர்னாவின் கணவன் டெல்மருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்ட குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் வெர்னாவுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, படகை எடுத்துப்போக இழுவை வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, இன்று சாயங்காலம் வந்துவிடும், இனி தன் கையில் எதுவும் இல்லை என்று வருத்தப்பட்டுச் சொல்லிவிட்டுத் தலைவி போனாள்.

ஹெரான் கோவ் குடியிருப்பின் நுழைவாயில் கல்லில் ஒரு பாய்மரப் படகைச் செதுக்கி, இரவில் விளக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தப் படகு ஊருக்கே தெரியலாம். குடியிருப்பவர்களின் படகுதான் தெருவிலிருந்து தெரியக் கூடாது. குப்பைத்தொட்டி, துணி காயப்போடும் கயிறு, படகு மூன்றும் சங்கத்துக்கு ஒன்றுதான். விதியில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. சாமான் ஏற்றி இறக்கும் நேரத்தில் மட்டும் படகை வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். அந்த நேரம் எவ்வளவு நேரம் என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். எழுதியவர்களில் ஒருவரிடமும் படகு கிடையாது, பாவம்.

அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது டெல்மர்தான். ஃப்ளோரிடா வெயிலில் கூரை கூரையாக ஏறி ஏர்கண்டிஷனர் ரிப்பேர் செய்தே வாழ்நாளைக் கழித்த மனுஷன். ஈரலில் வந்தது எலும்புக்கும் பரவிவிட்டது, இனி வைத்தியம் இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு கட்டிலும் வந்தது. அது படுக்கையறைக் கதவில் நுழையவில்லை. முன்னறையில் ஜன்னலோரம் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வெறும் சிமெண்ட் தளம்.

"இதைப் பாத்துக்கிட்டா சாகச் சொல்றீங்க?" என்றான் டெல்மர்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு லானி தன் வண்டியில் போய், நெடுஞ்சாலையோரக் கிடங்கிலிருந்து படகை டிரெய்லரோடு இழுத்துவந்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினான். டெல்மரும் அவனும் பல வருஷமாக அந்தப் படகில் மீன் பிடித்தவர்கள். பின்புறத்தில் சிவப்பு எழுத்தில் படகின் பெயர் கட்டிலிலிருந்து நன்றாகத் தெரிந்தது: 'வெர்னாகிட்ட சொல்லாதே'. அவளிடம் சொல்லாமல் வாங்கிய படகு. வாங்கிய வருஷம் அவள் அவனோடு சரியாகப் பேசவே இல்லை. அப்போதுகூட அந்தப் பெயரை அவன் அழிக்கவில்லை.

நான் போகும்வரை அது அங்கேயே நிற்க வேண்டும், என்னைக் கொண்டுபோகிற அன்று பின்னாலேயே வர வேண்டும் என்று டெல்மர் சொல்லியிருந்தான். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் தர முடியாதவற்றைத்தான் கேட்டிருப்பான்.

வெர்னா ஏணியில் இறங்கி வீட்டுக்குள் வந்தாள். மகன் ராய்ஸ் காபிக் கோப்பையோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். அட்லாண்டாவில் இன்சூரன்ஸ் வேலை. சிறுவயதிலிருந்தே சிவப்பு விளக்கு எரிந்தால் நடந்து போகும்போதும் நிற்கிற பிள்ளை.

"அம்மா, அவங்க வந்து இழுத்துட்டுப் போனா இன்னும் அசிங்கம். நானே கிடங்குல விட்டுட்டு வந்துடறேன். அப்பா பாதி நேரம் தூங்கறார். அவருக்குத் தெரியவா போகுது?"

"மீதி நேரம் முழிச்சிருக்காரே."

"அம்மா..."

"கல்யாணமான நாளா நாப்பத்தாறு வருஷம் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டேன்டா. சர்ச்சுல சரி, பள்ளிக்கூடத்துல சரி, இந்தச் சங்கத்துலயும் சரி. இதுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். நீ போய் உங்கப்பாகிட்ட உக்காரு."

முன்னறையில் டெல்மர் விழித்திருந்தான். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. தினமும் கேட்பதை அன்றும் கேட்டான். குரல் மட்டும் பாதியாகியிருந்தது.

"ஏத்தியாச்சா?"

"இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.

"நல்லது. அவசரப்படாதே."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. வெயில் ஏற ஏற மூச்சு இடைவெளி விட்டுவிட்டு வந்தது. வந்த நர்ஸ் கட்டிலருகே ஒரு நாற்காலியைப் போட்டு, இனி பக்கத்திலேயே இருங்கள் என்று மெல்லச் சொன்னாள். வெர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ் மறுபக்கம் நின்று அப்பாவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பற்றிக்கொண்டான். யாரோ தெருவில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஒருமுறை நின்றபோது, அறையிலும் சத்தம் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

நர்ஸ் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுத் தலையசைத்தாள். பிறகு வழக்கப்படி ஜன்னல் திரையை இறக்கப் போனாள்.

"அதைத் தொடாதே" என்றாள் வெர்னா.

அவள் அழுதாள்தான். குலுங்கிக் குலுங்கி, மூக்கைப் போர்வையிலேயே துடைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் திரை திறந்தே இருந்தது.

சவ அடக்க நிலையத்து ஆட்கள் கறுப்புக் கோட்டும் தள்ளு கட்டிலுமாக வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு படகு நின்றது. கொஞ்சம் நகர்த்தினால் வசதியாக இருக்கும் என்று பெரியவர் பணிவாகச் சொன்னார்.

"சுத்திப் போங்க."

"புல்தரை மேல போகணுமேம்மா."

"போங்க. அதுக்கும் ஒரு விதி வச்சிருப்பாங்க. போங்க."

வெள்ளைத் துணி போர்த்திய டெல்மரைப் படகின் பக்கவாட்டில் உரசாத குறையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் போன ராய்ஸ் அந்தச் சிவப்பு எழுத்துக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டான். வெர்னாகிட்ட சொல்லாதே. அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

கதவில் கறுப்பு ரிப்பன் கட்டிய மலர் வளையம் மாட்டியதுதான் தாமதம், பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. கோழியும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்டது வந்தது. அதுவே மறுபடியும் வந்தது. உருளைக்கிழங்கு சாலட், பன்றித் தொடை, பீச் பழம் போட்ட பலகாரம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் சொந்தக்காரியின் பெயர். அடக்கம் முடிந்த பிறகு துக்க வீட்டார் கழுவித் திருப்பித் தருவார்கள். தரும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டவள் அந்த ஊரில் அதற்குப் பிறகு தலைகாட்ட முடியாது. இதெல்லாம் எந்தச் சங்கமும் எழுதிவைத்ததில்லை. எழுதாததால்தானோ என்னவோ ஒருத்தரும் மீறுவதில்லை.

மூன்று வீட்டுப் பாத்திரங்களிலேயே ஃபிரிட்ஜ் நிரம்பிவிட்டது. நான்காவதாக லானியின் மனைவி கொடுத்தனுப்பிய பெரிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சமையலறை நடுவில் விழித்தான். வெர்னா ஜன்னலைப் பார்த்தாள். படகில் மீன் போடுகிற ஐஸ் பெட்டி இருந்தது. ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரியது.

"ராய்ஸ், கடைக்குப் போய் ஐஸ் வாங்கிட்டு வா. நிறைய வாங்கு" என்றாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு போனான். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டியைத் தேய்த்துக் கழுவினான். ஐஸை உடைத்துக் கொட்டினான்.

மர்லிஸ் சாயங்காலம் வந்தபோது கோல்ஃப் வண்டியில் அட்டை இல்லை. மடியில் முட்டைத் தட்டு இருந்தது. பாதி பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைக் கடுகோடு பிசைந்து நிரப்பிய முட்டைகள், குழி குழியாக உள்ள கண்ணாடித் தட்டில். அவள் அம்மா காலத்துத் தட்டு. சர்ச் விருந்துகளில் அதை வேறு யாரும் தொடக்கூட விடமாட்டாள். கண் சிவந்திருந்தது. வெர்னாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வெர்னாவும் பிடித்துக்கொண்டாள். ஏன் மாட்டாள், ஒரே சர்ச்சில் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள்.

"எங்க வைக்கட்டும்?" என்றாள் மர்லிஸ்.

"ஃபிரிட்ஜ்ல இடமில்ல. படகுல பெட்டி இருக்கு, அதுல வச்சுடுங்க."

மர்லிஸ் அசையவில்லை.

"வெயில்ல முட்டை கெட்டுப்போயிடும், மர்லிஸ்."

தலைவி படகைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். வெர்னா உதவிக்குக் கை நீட்டவில்லை. துக்க வீட்டுக்காரி ஏன் நீட்ட வேண்டும்? மர்லிஸ் காலணியைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கம்பியுமாக ஏணியில் ஏறினாள். பாதி ஏறியிருந்தபோது இழுவை வண்டி தெருமுனையில் திரும்பி, வாசலில் வந்து உறுமிக்கொண்டு நின்றது.

ஓட்டுநர் இறங்கினான். கதவிலிருந்த கறுப்பு ரிப்பனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். கையிலிருந்த தாளைப் பார்த்தான். பிறகு படகுக்குள் குனிந்திருந்த சங்கத் தலைவியின் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"மேடம், இந்த வீட்டுப் படகைத்தானே எடுக்கச் சொன்னீங்க? இப்ப என்ன நடக்குது, சாமான் ஏத்தறீங்களா?"

லானி பன்றித் தொடையைக் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்தான். ராய்ஸ், சிவப்பு விளக்குக்கு நிற்கிற அந்த ராய்ஸ், முன்னால் வந்து நின்று, "ஆமா சார், ஏத்திட்டிருக்காங்க. நீங்களே பாக்கறீங்களே" என்றான்.

மர்லிஸ் நிமிர்ந்தாள். அவள் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு ஒருவழியாக நிலைக்கு வந்தது.

"சனிக்கிழமை அடக்கம்" என்றாள் ஓட்டுநரிடம். "நீங்க போங்க."

சனிக்கிழமை காலை எல்லோரும் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். முன்னால் சவ வண்டி, பின்னால் ராய்ஸ் ஓட்டிய கார், அடுத்தது லானியின் வண்டி, அதன் பின்னால் படகு. சர்ச் கூடத்தில் அடக்கத்துக்குப் பிறகு போட வேண்டிய சாப்பாடெல்லாம் அதன் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. கல்லில் செதுக்கிய பாய்மரப் படகைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், எதிரே வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கி நின்றன. அந்தப் பக்கத்தில் சவ ஊர்வலத்துக்கு அப்படித்தான் நிற்பார்கள். மீன் லாரிக்காரன் ஒருவன் படகின் பெயரைப் படித்துவிட்டு, தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்தான். முன்னால் போன காரிலிருந்து வெர்னா பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள். டெல்மரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பக்கத்தில் ராய்ஸ் மட்டும்தான் இருந்தான்.

அன்று சாயங்காலம் லானி படகைக் கொண்டுவந்து மறுபடி ஜன்னலுக்கு நேராக நிறுத்தினான். வேறு எங்கே விடட்டும் என்று கேட்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் ராய்ஸ் ஊருக்குக் கிளம்பும் முன், வெர்னா எடுத்துக் கொடுத்த பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து, அடியில் பெயர் பார்த்துப் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தான். கட்டிலை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் வெர்னா தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் காலையில் அவள் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கோல்ஃப் வண்டி வந்து நின்றது. மர்லிஸ் இறங்கவில்லை. தூக்கம் வருகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். கடைசியில் படகின் பக்கம் பார்க்காமல், "இறக்கியாச்சா, வெர்னா?" என்று கேட்டாள்.

"இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் வெர்னா.

மர்லிஸ் வாயைத் திறந்தாள். என்ன பாக்கி என்று கேட்டால் கேட்கலாம். கேட்டால் பதில் வரும். அவள் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

வெர்னா குழாயை மூடிவிட்டு, ஏணியில் ஏறி ஐஸ் பெட்டியைத் திறந்தாள். முட்டைத் தட்டு கழுவித் துடைத்து உள்ளே இருந்தது. அடியில் மர்லிஸின் பெயர் உரியாமல் அப்படியே ஒட்டியிருந்தது. தூசி படிந்திருந்த இடத்தை இரவு உடையின் ஓரத்தால் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினாள்.