நிலையில் இரண்டு ஆணித்துளைகள்

விடிவதற்கு முன்னால் பஞ்சுக்கு ஒரு தனி வாடை உண்டு. ஈரமும் எண்ணெயும் கலந்து வந்து தொண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே மில் வாசலில் வரிசை கட்டி நிற்போம். ஆற்றுப் பக்கத்துக் குளிரில், ஆளுக்கொரு விரலை வேட்டியிலும் முந்தானையிலும் தேய்த்துக்கொண்டே நிற்போம். தேய்த்தால்தான் மிஷினுக்கு எங்களைத் தெரியும்.

கைரேகை மிஷின் வந்து எட்டு மாதமாகிறது. இருபது முப்பது வருஷம் அறுந்த இழையை ஒட்டி ஒட்டியே தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழத்துப் போயின. மூன்று தடவை வைத்தும் சிவப்பு விளக்கு எரிந்தால் நாம் வரவில்லை என்று அர்த்தம். சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார். எட்டு மணி நேரம் வேலையும் வாங்குவார். ஆனாலும் அன்றைக்கு நாம் வராத ஆள்தான்.

மிஷினுக்கு ஒரு சாண் மேலே, வாசலின் வலது நிலைக்காலில், முன்பு ஒரு பித்தளைக் குழல் இருந்தது. சுண்டுவிரல் நீளம். சாய்வாக அடித்திருக்கும். மில்லைக் கட்டிய மொர்தகாய் துரை தன் கையால் அடித்தது. பாக்தாத்தில் பிறந்து, பம்பாயில் பஞ்சு வியாபாரம் பார்த்து, தாமிரபரணித் தண்ணீரை நம்பி இங்கே வந்த யூதர். வாசலுக்குக் காவலாக இப்படிக் குழல் அடிப்பது அவர்கள் வழக்கமாம். வெள்ளைக்காரன் அவரைத் தன் ஆளாகச் சேர்க்கவில்லை. நம் ஜனமும் சேர்க்கவில்லை. சனிக்கிழமை நெருப்புப் பற்றவைக்க மாட்டாராம், மில்லும் அன்றைக்கு நிற்குமாம். தொழிலாளிகளுக்கு லைன் வீடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அவர் கட்டியவை. தரும துரை என்பார்கள். அதே துரைதான் நூல் விலை விழுந்த வருஷம் கூலியைக் குறைத்தவர். ஒரு பெண்ணின் கை மிஷினில் போய், ஜனங்கள் பதினொரு நாள் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் வைத்தவரும் அவரே. இரண்டையும் என் அப்பா சொல்லியிருக்கிறார்.

உள்ளே போகும்போதெல்லாம் துரை அந்தக் குழலைத் தொட்டு விரலை முத்தமிடுவாராம். பார்த்த ஜனமும் தொட்டது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் தொட்டார்கள், உள்ளே போகிற கை முழுசாகத் திரும்ப வேண்டும் என்று.

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ஹாலில் விடியக்காலையில், செத்துப்போன துரையின் கைத்தடிச் சத்தம் கேட்கும் என்பார்கள். டொக். டொக். நானும் கேட்டிருக்கிறேன். மிஷின் பெல்ட் தட்டுகிறது என்று சொல்லிக்கொள்வேன். புது முதலாளி செந்தில்முருகனின் ஆட்கள் குழலைப் பிடுங்கி எறிந்த வாரம் பெல்ட்டையும் மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை.

குழலைக் குப்பையிலிருந்து நான்தான் எடுத்தேன். உள்ளே சுருட்டி வைத்த தோல், அதில் கறுப்பு எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் தொழிற்சங்கத்து அறையில் எழுத்துப் படித்தவன் நான். எழுத்தைக் கண்டால் எழுத்துக்கூட்டாமல் இருக்க முடியாது. இது பிடிபடவில்லை. சவுதியில் பத்து வருஷம் இருந்த ஹசன் அலியிடம் காட்டினேன்.

“அரபி இல்ல அண்ணாச்சி. ஆனா இதுவும் வலத்தேருந்து இடத்துக்குத்தான் போவுது. பத்திரமா வைங்க.”

வேட்டி மடியில் செருகி வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் என் பக்கத்து வீட்டு முத்துராணிக்கு மூன்று தடவையும் சிவப்பு. “இன்னைக்கும் நான் வரலியாம் அண்ணாச்சி” என்று சிரித்தாள். விரல் மட்டும் பழக்கத்தில் மேலே போய் நிலையைத் தடவியது. அங்கே இரண்டு ஆணித்துளைகள்தான் இருந்தன.

கார்டிங்கில் ஆள் குறைவென்று அவளை என் பக்கம் அனுப்பினார்கள். அடைத்த பஞ்சைச் சீக்கிரம் எடுக்க வசதியாக உருளையின் இரும்பு மூடியைக் கழற்றி வைத்து ஒரு வாரமாகியிருந்தது. நான் பார்த்தேன். மடியில் இருந்த குழலைத் தொட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் அலறக்கூட இல்லை. “அண்ணாச்சி” என்றாள், தண்ணீர் கேட்கிற குரலில். திரும்பினேன். வெள்ளைப் பஞ்சு சிவந்து உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன.

ஐந்தாம் நாள், நஷ்டஈட்டுக்கான விபத்துத் தாளில் கையெழுத்துக் கேட்டு ஆபீசுக்குப் போனோம். செந்தில்முருகனின் தலைக்கு மேலே துரையின் படம். யார் எங்கே நின்றாலும் அந்தக் கண் அவர்களைப் பார்க்கும்.

“முத்துராணி அன்னைக்கு வேலைக்கே வரலியே. மிஷின்ல பாருங்க, ஆப்சென்ட்” என்றார்.

“அப்போ அந்த வெரலு யாரு வெரலு?” என்றாள் அன்னத்தாய். நூற்புப் பகுதிப் பெண்களில் மூத்தவள்.

“வெளிய எங்கயாச்சும் அடிபட்டிருக்கும்.”

“ஆமா மொதலாளி. வீட்ல தேங்கா துருவயில அந்து விழுந்துட்டு. தூக்கிட்டு வந்து ஒங்க மிஷின்ல சொருவிட்டோம்.”

அன்றைக்கு அவளை உள்ளே விட்ட சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். செந்தில்முருகன் படத்தைக் காட்டினார். “இந்தப் பெரிய மனுசன் மாதிரி நானும் இரக்கப்பட்டு ஏதாச்சும் செய்யுதேன். தருமம்னு வச்சுக்கோங்க. தாள்ல எழுத முடியாது. அவ வேலைக்கும் இனி வர வேண்டாம், வைக்கதுக்கு வெரலு இல்லல்லா.”

“தருமம் வேண்டாம்” என்றேன். “அவ வந்தான்னு எழுதுங்க.”

“மிஷின் பொய் சொல்லாது வே.”

சாயங்காலம் லைன் வீட்டுக் குழாயடியில் கூடினோம். முத்துராணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள்.

“இல்லாத வெரலு அரிக்குது அண்ணாச்சி. விடிஞ்சா போதும், அது பாட்டுக்கு வாசலுக்குப் போயி அந்த ஓட்டையத் தொடுது. நான் இங்கனதான் கெடக்கேன். அது அங்கன நிக்கி.”



“குழலைத் திரும்ப அடிச்சிருவோமா?” என்றான் ஹசன் அலி.

“அடிச்சு?” அன்னத்தாய் என்னைப் பார்த்தாள். “துரை காப்பாத்துவாருன்னுதான மூடியக் கழத்துனப்போ எல்லாரும் வாயப் பொத்திட்டு நின்னோம்.”

நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “எனக்குத் தெரியும். நான் பாத்தேன்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆகியிருந்தது.

“சரி, அழுவாதேயும் வே” என்றாள் அன்னத்தாய். “அந்த வெரலு தெனமும் வாசலுக்கு வருதுல்லா? நாளைக்கு நாமளும் போயி அது பக்கத்துல நிப்போம். அவ வந்தான்னு எழுதுத வரைக்கும் ஒருத்தரும் மிஷின்ல கை வைக்கக் கூடாது.”

“கை வைக்கலைன்னா நாம எல்லாரும் வராத ஆளாயிருவோமே மைனி” என்றான் ஹசன் அலி.

“ஆவட்டும். மில்லு யார வச்சு ஓடுதுன்னு பாப்போம்.”

மறுநாள் ஐந்தரைக்கு அதே வரிசை. மிஷினின் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அன்னத்தாய் ஆணித்துளையைத் தொட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். நான் தொட்டேன். ஹசன் அலி சற்றுத் தயங்கினான், தொட்டான். பிறகு எல்லாரும். கடைசியில் முத்துராணி வந்தாள். கட்டுப் போட்ட கையை நிலை நோக்கி உயர்த்தி, மரத்தில் படாமல் ஒரு விரல் தூரத்தில் நிறுத்தினாள்.

“தொட்டாச்சு” என்றாள்.

உள்ளே ஒரு மிஷினும் ஓடவில்லை. டொக். டொக். திரும்பிப் பார்த்தேன். அன்னத்தாய் தன் தூக்குச்சட்டியால் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தவள் தட்டினாள். அதற்கடுத்தவன். முதலாளியின் கார் வந்து ஹாரன் அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

“முத்துராணி!” என்று அன்னத்தாய் பேர் கூப்பிட்டாள்.

“வந்திருக்கேன்.”

“சொரிமுத்து!”

“வந்திருக்கேன்” என்றேன்.

மிஷின் கணக்கில் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. பேர் கூப்பிட்டு முடிக்க வெயில் ஏறிவிட்டது.