ரஸ்க்கு புதைத்து வைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

லூர்துசாமி வீட்டில் ஏழு வாரமாக ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவர்கள் வீட்டு நாய் ரஸ்க்கு அதைக் கவ்விக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்துவிடுகிறது. சனிக்கிழமை படுத்தால் விடிவது திங்கட்கிழமை. குளித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

நாயைக் குற்றம் சொல்ல முடியாது. ரொம்பப் பிடித்ததைத் தின்னாமல் புதைத்து வைப்பது அதன் சுபாவம். மற்றபடி தங்கமான பிராணி. குக்கர் விசிலடித்தால் குரைக்கும், இடி இடித்தால் குரைக்காது. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் நடுவில் வந்து மல்லாந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் எங்கே சண்டை போடுவது? சோறு வைத்தால் தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும். மகள் பெனிட்டா “சாப்பிடுடா” என்று சொன்ன பிறகுதான் வாய் வைக்கும்.

லூர்துசாமி மின்வாரியத்தில் லைன்மேன். மனைவி ரோஸ்லின் டீச்சர். பெனிட்டா நர்ஸ். மூன்று பேரும் மூன்று நேரத்துக்கு வந்து போகிறவர்கள். நாயோடு சேர்த்து நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பெனிட்டாவுக்கு அயர்லாந்தில் வேலை என்று கடிதம் வந்த வாரத்திலிருந்துதான் ரஸ்க்கு புதைக்க ஆரம்பித்தது.

பங்குச் சாமியார் ஒருநாள் வழியில் நிறுத்தி, “என்ன லூர்து, பூசைக்குக் காணோம்?” என்றார்.

“நாய் புதைச்சிருச்சு சாமி.”

“அப்பச் சரி. கிடைச்சதும் வாங்க.”

பெனிட்டாவுக்குத் திங்கட்கிழமை விமானம். போவதற்குள் ஒரே ஒரு ஞாயிறாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று லூர்துசாமிக்கு ஆசை. சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தால், நாளைய ஞாயிற்றையும் மத்தியானமே கொண்டுபோய்விட்டதாம்! கடப்பாரையை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் தோண்டினார். ஒரு செருப்பு, போன வருஷம் காணாமல் போன எண்ணெய்க் கரண்டி, அவருடைய டெஸ்டர். ஞாயிறு மட்டும் இல்லை. அது இருக்கிற இடம் நாய்க்குத்தான் தெரியும். குழிக்குள் நின்றபடியே நாயைக் கூப்பிட்டார்.

“டேய், ஒண்ணே ஒண்ணு குடுடா. பாப்பா போகப்போறாடா” என்று கெஞ்சினார். ரஸ்க்கு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பெனிட்டா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணி அடுக்கினாள். ரஸ்க்கு பெட்டியைச் சுற்றிச் சுற்றி மோந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் என்ன நினைத்ததோ, விறுவிறுவென்று கொல்லைக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லுக்கடியில் தோண்டியது. ஒவ்வொன்றாகக் கவ்விவந்து அடுப்படி வாசலில் வைத்தது. லூர்துசாமி எண்ணினார். ஏழு.

“எட்டுல்ல போச்சு? இன்னொண்ணு எங்கடா?”

ரஸ்க்கு வாலை ஆட்டியது. சரி, ஏழு கிடைத்ததே பெரிய விஷயம்.

அந்தச் சனிக்கும் திங்களுக்கும் நடுவில் அவர்கள் ஏழு ஞாயிறு இருந்தார்கள். முதல் ஞாயிறு ஓரத்தில் கடிபட்டிருந்ததால் ஒன்பது மணிக்குத்தான் தொடங்கியது. மூன்றாவதில் நல்ல மழை. ஐந்தாவது ஈஸ்டர், அது மட்டும் மண் ஒட்டாமல் சுத்தமாக இருந்தது. புதுத்துணி உடுத்திக்கொண்டு பூசைக்குப் போனார்கள். ஊருக்கு அது ஒரே ஞாயிறுதான். கறிக்கடை பாய், “அண்ணே, இது ஏழாவது தடவை” என்றார்.

“பழசெல்லாம் வெளிய வந்துருச்சு பாய்.”

“அப்ப ஈரலும் வைக்கவா?”

ஆறாவது ஞாயிறே எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. அம்மாவும் மகளும் பெட்டியில் ஊறுகாய் வைப்பதா கூடாதா என்று சண்டை போட, ரஸ்க்கு நடுவில் மல்லாந்தது. ஏழாவதன் சாயங்காலம் பெனிட்டாவே, “எப்பம்மா திங்கட்கிழமை வரும்?” என்றாள். லூர்துசாமிக்கு அது ரொம்ப நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை ஏர்போர்ட்டில் பெட்டி ஒரு கிலோ கூடுதலாக இருந்தது. நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்த பிறகுதான் விட்டார்கள்.

அப்புறம் பத்து நாள் ரஸ்க்கு பாதித் தட்டோடு எழுந்துகொண்டது. லூர்துசாமியும் “சாப்பிடுடா” என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. பதினோராம் நாள் போன் வந்தது.

“ப்பா, வந்ததுலேருந்து லீவே இல்லப்பா. இன்னைக்குத்தான் பெட்டியக் காலி பண்றேன். அடியில துண்டுல சுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடக்கு. ஒரே மண்ணு, எச்சி.”

“அதான் எடை கூடியிருக்கு! என் ஊறுகாய எடுத்து வெளிய போட்டீங்களே” என்றாள் ரோஸ்லின்.

“கழுவட்டுமாப்பா?”

“கழுவிடாத பாப்பா, ருசி போயிரும். மண்ணைத் தட்டிட்டு வெயில்ல விரி.”

“இங்க ஏதுப்பா வெயிலு? பத்து நாளா மழை.”

“வெயிலு அதுக்குள்ளயே இருக்கும். நீ விரி.”

துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போனுக்குள் ரோஸ்லினின் குக்கர் விசிலடித்தது. ஒரு நாய் குரைத்தது. இங்கே பெனிட்டாவின் பழைய செருப்பின்மேல் படுத்திருந்த ரஸ்க்கு ஒரு காதை மட்டும் தூக்கியது.

“ப்பா, இதுக்குள்ளருந்து நீங்க சாப்பிடக் கூப்பிடுறீங்கப்பா.”

“போய் உக்காரு பாப்பா, ஆறிப்போயிரும். அங்க தட்டு முன்னாடி ஒருத்தன் உக்காந்திருப்பான், அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு.”

பெனிட்டா சொன்னாள். இங்கே ரஸ்க்கு எழுந்துபோய்த் தட்டை வழித்து நக்கியது.