கையைப் பிடித்தவன்

நாடகத்தில் துர்காவின் கையைப் பிடித்து இழுக்கிற ரவுடியாக நடித்த ராஜாராம், ஒத்திகையில் ஒவ்வொரு முறை இழுத்து முடித்ததும் "வலிச்சுதா?" என்று கேட்டான். கரியால் மீசை போட்டும் அந்த மூஞ்சியில் ரவுடித்தனம் ஏறவில்லை. "ஏண்டா, நீ இழுக்கிறியா, இல்ல பந்திக்கு இட்டுகினு போறியா?" என்றாள் துர்கா. பதினோராம் வகுப்பே சிரித்தது. அவள் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயர் மாதிரி ஒரு வழக்கம்.

ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லி சர்க்குலர் வந்ததும், கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற சகுந்தலா டீச்சர் ஆண்டு விழாவுக்கென்று ஒரு நாடகமே எழுதிவிட்டார். சட்டம் பேசும் இன்ஸ்பெக்டர் வேஷம் பன்னிரண்டாம் வகுப்பு பார்த்திபனுக்கு. நல்ல உயரம், கணீரென்ற குரல். "ஓராண்டு சிறை! பத்தாயிரம் அபராதம்!" என்று அவன் முழங்கும்போது எழுதிய டீச்சருக்கே புல்லரித்தது.

அவனும் துர்காவும் நாலு மாதமாகப் பழகுவது யாருக்கும் தெரியாது. திருவிடந்தை சவுக்குத் தோப்பில் அவள் சொன்ன ஏதோ ஒரு கிறுக்கு ஜோக்குக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. இப்போது அவள் மற்றவர்களோடு சிரித்துப் பேசுவதே அவனுக்குக் குற்றம். பஸ் கண்டக்டரிடம் விளையாட்டாக ஒரு வார்த்தை பேசிவிட்டாள். ஸ்டாப்பில் இறங்கியதும் பார்த்திபன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். "எல்லார்கிட்டயும் இன்னாடி பல்லக் காட்டிகினு கீற?" அப்புறம் அவனே அழுதான். "ஆசைல பண்ணிட்டேன்டி." திருகுபட்ட கையாலேயே அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவளிடம், யாருக்கும் சொல்ல முடியாத ஜோக்கு இது ஒன்றுதான் இருந்தது.

"இன்னாடி இது, நீலம் பாஞ்சி கீது?" என்று அம்மா செங்கம்மாள் கேட்டபோது, "நாடகம்மா. கையப் புடிச்சி இழுக்கிற சீனு" என்றாள். உண்மையைச் சொன்னால் மறுநாளே படிப்பை நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரம் அந்தப் பொய் ஓடியது. ஆண்டு விழா முடிந்துவிட்டால் அடுத்த திருகலுக்கு என்ன நாடகம் சொல்வது?

டீச்சரிடம் சொல்லித்தான் பார்த்தாள். "டீச்சர், ரோட்ல எவனோ கையத் தொட்டா ஜெயிலு. நாமளே ஆசப்பட்டவன் முறுக்குனா?"

டீச்சர் சிரித்தபடி தலையில் செல்லமாகக் குட்டினார். "உனக்கு எதுதான் விளையாட்டு இல்ல!"

விழா அன்று கடற்காற்றில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ராஜாராம் இழுத்தான்; வாய் திறக்க முடியாததால் கண்ணாலேயே "வலிச்சுதா?" என்றான். காக்கிச் சட்டையில் பார்த்திபன் விறைப்பாக நுழைந்தான். டீச்சர் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் கேட்டான்: "பயப்படாதே தங்கச்சி! உன் கையைப் பிடித்தவன் யார்? தைரியமாகக் காட்டு!"

துர்கா கையை நீட்டினாள். விரல் ராஜாராம் பக்கம் போகவில்லை. இன்ஸ்பெக்டரின் முகவாய்க்கு நேராக நின்றது.

பந்தலே வெடித்துச் சிரித்தது. திரை ஓரத்தில் சகுந்தலா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பார்த்திபனும் சிரித்தான், பல்லால் மட்டும். "அவனக் காட்டுடி" என்றான் உதடு அசையாமல்.

அவள் கையை இறக்கவில்லை. இத்தனை பேர் சிரிக்கும்போது அவள் சிரிக்காமல் நிற்பது இதுதான் முதல் தடவை. அவன் உயரத்துக்குக் கையைத் தூக்கியதில் நாடகத்துக்காகப் போட்ட கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக முழங்கை வரை சறுக்கி இறங்கின. ராஜாராம் அவள் மணிக்கட்டில் பாய்ந்திருந்த நீலத்தைப் பார்த்தான். வியர்வையில் கரைந்த மீசை உதட்டுக்கு வழிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. பெண்கள் வரிசையில் செங்கம்மாள் மட்டும் எழுந்து, கண்ணுக்கு மேல் கையை அணைகொடுத்து, மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.