கடைப்பெயர் போட்ட தாள்

கம்பியக்காவுக்கு மனிதர்கள்மேல் அருவருப்பு வந்தது ஒரே நாளில் அல்ல. பதினோரு வருடம் கடை நடத்தியதில் அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது.

கடை பெரிதொன்றும் இல்லை. முன்னறையில் வயலின்களும் கிட்டார்களும் சுவரில் வரிசையாகத் தொங்கும். பின்னறையில் ஒரு மேசை. அதன்மேல் பசை, அரம், சின்னச் சின்ன உளிகள். வயலின் பழகும் பிள்ளைகள் அறுந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி கேட்டு வந்து வந்து, சொந்தப் பெயர் போய் 'கம்பியக்கா' நின்றுவிட்டது. கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் அவர் தண்ணீர்மேல், இவள் கடையில்.

வருகிறவர்களுக்குக் குறைவில்லை, வாங்குகிறவர்கள்தான் குறைவு. ஒரு இன்ஜினியர் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்து ஒரே கீபோர்டை வாசித்துப் பார்த்தார். சந்தேகம் கேட்டே அவள் தொண்டையை வற்ற வைத்தார். கடைசியில் அவள் கண்ணெதிரிலேயே மாடல் நம்பரைப் போட்டோ எடுத்தார். "ஆன்லைன்ல இதைவிடக் கம்மியா வருதுக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று கம்பி நீட்டிவிட்டார். ஒரு மாதம் கழித்து, அங்கே வாங்கியதையே தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "ஒரே ஒரு கட்டை மட்டும் அமுங்க மாட்டேங்குது. சும்மா பாருங்களேன்."

அந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே அவளுக்கு அருவருப்பாக இருக்கும். இருந்தாலும் பார்த்துக் கொடுத்தாள்.

இதையெல்லாம் பேசி ஆற்றிக்கொள்ள அவளுக்கு இருந்த ஒரே ஆள் தங்கையின் புருஷன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். பேசினால் தேன் ஒழுகும். சின்னக் கடைகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று பள்ளி இதழில் இரண்டு பக்கம் எழுதி, அவள் கடையின் படத்தையும் போட்டிருந்தார். "என்னக்கா, நீங்க கம்பி விக்கிறவங்க. உங்களை ஏமாத்துறவங்கதான் ஒருநாள் கம்பி எண்ணப் போறாங்க" என்று அவர் சிரிக்கும்போது அவளுக்கும் மனசு லேசாகிவிடும்.

அந்த வருடம் பள்ளியில் வயலின் குழு தொடங்குவதாக இருந்தது. இருபது பிள்ளைகள். வாத்தியார் கடைக்கு வந்து, "எல்லாம் நம்ம கடையிலதான்" என்றார். கம்பியக்கா ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் நீட்டச் சொல்லி அளந்து, யாருக்கு அரை அளவு வயலின், யாருக்கு முக்கால் என்று எழுதினாள். கடைப்பெயர் அச்சடித்த தாளில் விலை போட்டாள், முடிந்தவரை குறைத்தே போட்டாள். கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: 'பிள்ளை வளர்ந்து அளவு மாறினால் ஒரு வருடத்துக்குள் மாற்றித் தரப்படும்.'

வாத்தியார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு தங்கை போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைத்தாள்.

"அந்த வயலின் எல்லாம் வேற எங்கயோ ரொம்பக் கம்மியா கிடைச்சுதாம்க்கா. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. அவர் கையில என்ன இருக்கு சொல்லு."

"சரி விடு" என்றாள் கம்பியக்கா. விழுங்கிக்கொண்டாள். விழுங்கிப் பழகிய தொண்டைதான்.

கச்சேரிக்கு எட்டு நாள் இருக்கும்போது வாத்தியார் காரில் நான்கு வயலின்களோடு வந்து இறங்கினார்.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். சுருதியே நிக்க மாட்டேங்குது. முறுக்கி விட்ட அஞ்சாவது நிமிஷம் இறங்கிடுது."

ஒரு பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் அழுகிய பழமும் கலந்தாற்போல் ஒரு வாடை அறையெங்கும் பரவியது. கையில் எடுத்தாள், விரல்கள் ஒட்டின. பூச்சு இன்னும் காயவில்லை. கம்பிகளைத் தாங்கும் குதிரை வளைவே இல்லாமல் தட்டையாக நின்றது. வில்லை வைத்தால் இரண்டு கம்பிகள் சேர்ந்து கத்தும். கம்பியை இறுக்கும் ஆணிகள் ஓட்டையில் பொருந்தாமல் ஆடிய பல்போல ஆடின. ஒன்றைக் குலுக்கியதும் உள்ளே ஏதோ உருண்டது. உடலைத் தாங்கி நிற்க வேண்டிய குச்சி விழுந்து கிடந்தது.

"இதை யாரு பிள்ளைங்க கழுத்துல வைக்கச் சொன்னது?"

"பேரைச் சொல்லி என்னக்கா ஆகப்போகுது. கொஞ்சம் தட்டிக்கொட்டிக் குடுங்க. மத்த பதினாறும் நாளைக்குக் கொண்டு வரேன். இப்படி ஆளுக்கு ஆள் கைகொடுத்தாத்தானே நம்ம மாதிரிக் கடைகளும் நிக்கும்?"

அவர் முகத்தையே பார்த்தாள். கூசவில்லை அந்த முகம். மேடையில் பேசும்போது இருக்கும் அதே குளிர்ச்சி. எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிசுக்கு போகவில்லை.

"நாலையும் வச்சுட்டுப் போங்க தம்பி" என்றாள். பிள்ளைகளை நினைத்துத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை, முதல் வயலினின் குதிரையை அவள் சீவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் உள்ளே நுழைந்தாள். பல் மருத்துவமனையில் நர்ஸ், இன்னும் அந்தச் சீருடையில்தான் இருந்தாள். கூடவே ஒன்பது வயது மகள். வயலின் பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"இவ கழுத்தைப் பாருங்க."

சிறுமியின் தாடைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தவிட்டு நிறச் சாயம். அதைச் சுற்றிச் சொரிந்து சொரிந்து சிவந்த தடிப்பு.

"மூணு நாளா தூங்கல. இதுக்கா அவ்வளவு காசு வாங்குனீங்க? உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

"அம்மா, இது என் கடைச் சாமான் இல்ல."

"பொய் சொல்லாதீங்க!" நர்ஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள்.

நகல்தான். ஆனால் மேலே கடையின் பெயர். நடுவில் அவள் போட்ட விலை. கீழே அவள் கையெழுத்தில் அந்த வரி, அளவு மாறினால் மாற்றித் தரப்படும். இந்தத் தாளைக் காட்டித்தான் இருபது வீட்டிலும் பணம் வாங்கியிருக்கிறார்கள். வயலின்களை வாங்கியதோ வேறெங்கோ, பார்த்தாலே தெரிகிறது, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு.

கம்பியக்காவுக்கு நிஜமாகவே குமட்டியது. பின்னறைத் தொட்டியில் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, சிறுமியின் கழுத்தில் ஈரத்துணியை ஒற்றினாள்.

"வலிக்குதா?"

"அரிக்குது" என்றது பிள்ளை. "வாசிக்கும்போது மூச்சை அடக்கிக்குவேன், நாத்தத்துக்கு."

"வாங்கம்மா, ஸ்கூலுக்குப் போவோம்" என்றாள் கம்பியக்கா.

பள்ளி அரங்கில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெற்றோர் சிலர் பின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே தலைமையாசிரியை மறித்தார். தாளைப் பார்த்தவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை, சங்கடம் மட்டும் இருந்தது. அவருக்கும் தெரியும் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

"உள்ள வாங்க, உக்காந்து பேசலாம். மிச்சப் பணத்துல அரங்கத்துக்கு ஒலிபெருக்கி வாங்கினோம். எல்லாம் பிள்ளைங்களுக்குத்தானே? இனிமே எல்லா வயலினுக்கும் ரிப்பேர் வேலை உங்களுக்கே தரோம். உங்களுக்கும் ஒரு ஆதரவா இருக்கும்."

"என் பேரைப் போட்டு வசூல் பண்ணிட்டு எனக்கே ஆதரவா?"

கம்பியக்கா அவரைத் தாண்டி உள்ளே போனாள். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள். குரல் கிரீச்சென்று வந்தது.

"ஒரு நிமிஷம். நான்தான் அந்தக் கடைக்காரி. இந்த வயலின்ல ஒண்ணுகூட என் கடையில வாங்கினது இல்ல. உங்ககிட்டக் காட்டின தாள் என்னோடது. சாமான் என்னோடது இல்ல. விலை வித்தியாசம் எங்க போச்சுன்னு இவங்ககிட்டக் கேளுங்க."

வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாத்தியார் மேடையிலிருந்து, "அக்கா, வீட்டுல பேசிக்கலாம்க்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் மகளின் கழுத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். ஒரு அப்பா நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். இரைச்சல் கிளம்பியது. தலைமையாசிரியை எல்லாரையும் கையமர்த்தி, பணத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆனது.

வெற்றிதான். ஆனால் கம்பியக்கா படியிறங்கும்போது, நாற்காலியை உதைத்த அந்த அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். கையில் போன்.

"நல்லாக் கேட்டீங்க மேடம். அப்ப நிஜமா என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு தேடிப் பாத்தேன். இதோ பாருங்க, இதே வயலின், எவ்வளவு மலிவு! பணம் கையில வந்ததும் நானே நேரா வாங்கிக்கறேன். வந்ததும் உங்ககிட்டக் கொண்டு வரேன், சும்மா கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துடுங்க."

வாயைத் திறந்தால் துப்பிவிடுவோமோ என்ற பயத்தில் அவள் மிச்சப் படிகளை வேகமாக இறங்கினாள்.

கச்சேரி தள்ளிப்போனது. பணம் திரும்பி வந்தது, ஒலிபெருக்கியும் அரங்கத்திலேயே இருந்தது. வாத்தியாருக்கு ஒரு கண்டனக் கடிதம் மட்டும். இருபது குடும்பத்தில் கடைக்கு வந்தது இரண்டு. அதில் நர்ஸ் ஒருத்தி. "உங்க கடைக்கு ஆதரவா இருக்கணும்னுதான்..." என்று அவள் தொடங்கியதுமே கம்பியக்கா தடுத்தாள். "அந்த வார்த்தையே வேண்டாம்மா. வாசிச்சுப் பாக்கட்டும். பிடிச்சா எடுத்துக்கோங்க." சிறுமி அரை அளவு வயலின் ஒன்றை முதலில் மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகுதான் தோளில் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அத்தனை பேர் முன்னாடி அவர் மானத்தை வாங்கிட்டியே. அந்தக் காசு எங்க வீட்டுக்கா வந்துச்சு? ஸ்கூலுக்குத்தானே போச்சு. நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"அந்தப் பொண்ணு கழுத்தை நீ பாக்கல."

"சாயம்தானே. கழுவினா போயிடும்." தங்கை குரலைத் தணித்தாள். "தெரியாமச் செஞ்சுட்டேன்னு அவரே வந்து சொல்லுவார். நீயும் நாலு பேர்கிட்ட, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடு. ரெண்டு பேருக்கும் கௌரவம்."

கம்பியக்கா கூடப் பிறந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்ட முகம். அதன்மேலும் அந்த அருவருப்பு வந்து உட்காரும் என்று அவள் நினைக்கவே இல்லை. வந்து உட்கார்ந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "கிளம்பு."

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கம்பியக்கா கடைக் கதவை அகலத் திறந்து, காற்று வரட்டும் என்று விசிறியை வேகமாகச் சுற்றவிட்டாள்.