மோர் என்று என் காதில் விழுந்தது

1
இந்தக் கதைக்குக் காரணம் நான் தவறாக எடுத்த ஒரு குறிப்பு. பிராங்பேர்ட், 1973, மாலை நேர ஜெர்மன் வகுப்பு. பக்கத்தில் இருப்பவரின் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதி வாசிக்க வேண்டும். என் பக்கத்தில் நோரீன், அயர்லாந்துக்காரி. வகுப்பில் ஆங்கிலம் பேசக் கூடாது.

2
முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை' (வேண்டாம். அன்று மழை இல்லை.)

இரண்டாவது, அவள் சொன்ன வரிசையில்: கொள்ளுத்தாத்தா காலத்தில் உருளைக்கிழங்கும் மோரும்தான் சாப்பாடு; வெண்ணெயை விற்று நிலவாடகை கட்டினார்கள். அப்பா காலத்தில் பாலே லாரியில் ஆலைக்குப் போனது. வீட்டுக்குக் கடை ரொட்டி வந்தது. இந்த ஜனவரியில் அயர்லாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் பால் விலை ஏறிவிட்டது. அண்ணன் இன்னும் இருபது மாடு வாங்குகிறான், அவளையும் திரும்பக் கூப்பிடுகிறான்.

நடுவே, கொள்ளுத்தாத்தா வீட்டில் எட்டுப் பேர் என்று சொல்லும்போது, ஜெர்மன் சொல் கிடைக்காமல், தன் மொழியிலேயே "கோர்த்தா மோர்" என்றாள். நான் 'மோர்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.*

* கோர்த்தா என்றால் பசி. மோர் என்றால் பெரிய. உருளைக்கிழங்கு அழுகி, பத்து லட்சம் பேர் செத்த பெரும்பஞ்சம். இதை நூலகத்தில் பார்த்தது பிறகுதான்.

3
வகுப்பில் வாசித்தேன்: "கோர்த்தா மோர் வந்தபோது நோரீன் வீட்டில் எட்டுப் பேர். எங்கள் ஊரிலும் கோடையில் பந்தல் போட்டு எல்லோருக்கும் மோர் கொடுப்போம்."

ஆசிரியை கைதட்டினார். நோரீன் எழுந்தாள்.

"எட்டுப் பேர்ல ரெண்டு பேர்தான் மிஞ்சினாங்க. அதையும் எழுதிக்கோ."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை ஊருக்கே போகிறாளாம்.

4
(அறைத்தோழர் பாஸ்கரனைக் கதையில் சேர்க்கலாமா என்று தயங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்துவிட்டார், அதனால் சேர்க்கிறேன்.)

"பஞ்சத்துக்குப் பந்தல் போட்ட முதல் ஆள் நீர்தான் ஐசே!"

"தப்பா காதுல விழுந்துடுச்சு அண்ணே."

"காதை விடும். அவ சொல்லேக்க முகத்தைப் பாத்தனீரோ?"

"இல்ல... எழுதிட்டிருந்தேன்."

"நாளைக்குச் சனி. இண்டைக்கே போம்."

5
முடிவு ஒன்று: நோரீன் மன்னிக்கிறாள். (அவளுக்காக அந்த வரியை நான் எழுதக் கூடாது.)

முடிவு இரண்டு: நான் போவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். (எனக்கு வசதியான முடிவு. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது, அவள் கதவைத் திறந்து

இல்லை. அவள் விடுதி வாசலில் நின்றபடிதான் இதை எழுதுகிறேன். மணியை அடித்தாகிவிட்டது. படிகளில் யாரோ இறங்கி வருகிறார்கள். அவள் சொல்வதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் குறிப்பெடுக்கப் போவதில்லை.