வளையலுக்கு ஆகாத அறை

அந்த அறைக்குள் கண்ணாடி போகக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பட்டுவின் கையிலிருந்த அரை டஜன் கண்ணாடி வளையலையும் கழற்றி வாசலில் வைக்கச் சொல்லிவிட்டார் ஆய்வகத் தலைவர் பட்டாபிராமன். பூனா கேம்ப் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கியவை. ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"கண்ணாடின்னா என்னம்மா? மணல். மணல்ல இருக்கற சிலிக்கானைத்தான் நாங்க தண்ணியிலயும் தேடறோம். கண்ணாடி உள்ளே வந்தா, கடல் சொல்றதா, உன் வளையல் சொல்றதான்னே தெரியாது."

தண்ணீர் என்றால் சும்மா தண்ணீரில்லை. தென்துருவக் கடலில் கப்பல் விட்டு எடுத்து, பிளாஸ்டிக் பாட்டிலில் பூனா வரைக்கும் கொண்டுவந்தது. அந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறதாம். சிலிக்கானைத் தின்று உடம்புக்கு ஓடு கட்டிக்கொள்ளுமாம். அதிலும் எடை குறைந்த சிலிக்கானாகப் பார்த்துத் தின்னுமாம். கனத்தது தண்ணீரிலேயே மிஞ்சும். மிஞ்சியதை மெஷினில் விட்டால் பாசி எவ்வளவு தின்றது என்று தெரிந்துவிடும். பட்டுவுக்கு இது உடனே பிடிபட்டது. கல்யாண வீட்டில் எச்சில் இலையைப் பார்த்தே யார் எதை ஒதுக்கினார் என்று சொல்கிறவள் அவள்.

பாட்டில் கழுவுவதுதான் அவள் வேலை; காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள். எதைக் கழுவினாலும் நோட்டில் எழுத வேண்டும். செங்கல் சுமந்து இடுப்பு போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். தமிழில், செங்கல் அடுக்குகிற மாதிரியே ஒவ்வோர் எழுத்தாக வைப்பாள். அந்த நோட்டை இதுவரை யாரும் திறந்ததில்லை.

டிசம்பரில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். பாட்டில் மண்ணெண்ணெய் கேன் மாதிரி இருக்கிறதே என்று பட்டாபிராமனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி ஜாடி வரவழைத்து, மேல்மட்டக் கடல் தண்ணீரை அதில் ஊற்றினார். அதிகாரி ஜாடியோடு படம் எடுத்துக்கொண்டார். பார்க்க லட்சணமாக இருந்ததால் ஜாடி மூன்று வாரம் வரவேற்பு மேசையில் நின்றது. பிறகு சாரே தண்ணீரைப் பாட்டிலில் திருப்பி ஊற்றி, ஜாடியைப் பட்டுவிடம் நீட்டினார். கழுவினாள்; எழுதினாள்.

பிப்ரவரியில் மெஷின் முரண்டு பிடித்தது. பாசி தின்று தீர்த்திருக்க வேண்டிய மேல்மட்டத் தண்ணீரில் சிலிக்கான் மண்டிக் கிடந்தது, அதுவும் எடை குறைந்த வகை. சாரிடம் ஆராய்ச்சி செய்யும் தேஜஸ்வினி ஓடிவந்தாள். பூனாவிலேயே பிறந்த பெண்; தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"பட்டு அக்கா, பாட்டில் நல் பானியில கழுவினியா க்யா? சச் போலோ, நெஜத்த சொல்லு. காண்ட்ராக்டருக்கு சொல்லிட்டாங்க. மண்டேலேர்ந்து வேற ஆள் வரும்."

"குழாய்த் தண்ணியா? நல்லா இருக்கு கண்ணு! சுத்தம் பண்ண தண்ணியில மூணு அலசு அலசுறேன். எங்க வூட்ல குடிக்கக்கூட அவ்ளோ நல்ல தண்ணி கெடையாது."

நோட்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்கே போனாள். தேஜஸ்வினியும் பின்னாலேயே வந்தாள். அந்தக் கட்டடத்தில் அவளைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

'ஜனவரி 9. கண்ணாடி ஜாடி ஒன்று. உள்ளே கடல் தண்ணீர் இருபத்தொரு நாள் இருந்தது. சார் கையால் கொடுத்தார்.'

பட்டாபிராமன் இரண்டு தரம் படித்தார்.

"கையெழுத்து நன்னா வந்துடுத்தே உனக்கு" என்றார்.

"என்ன எழுதியிருக்கு சார்?" என்றாள் தேஜஸ்வினி.

"ஒண்ணுமில்லை. அந்த சாம்பிளை விட்டுடு. கப்பல்லயே ஏதோ ஆயிருக்கு. காண்ட்ராக்டர்ட்ட நான் பேசிக்கறேன், பட்டு இருக்கட்டும்."

வேலை தப்பியது. பட்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"சார், கண்ணாடி வந்தாலும் ஒண்ணும் ஆவாதுன்னா, நான் வளையலப் போட்டுக்கிட்டே உள்ள வரட்டுங்களா?"

"சேச்சே. ரூல்னா ரூல்தாம்மா." நோட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "இனிமே எழுதறதெல்லாம் வேண்டாம். கழுவினா போதும்."

சாயங்காலம் வாசலில் வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள் பட்டு. வழியில் இறங்கி ஒரு நோட்டு வாங்கினாள். கோடு போட்டது, நூறு பக்கம்.